கேட்காமல் திறந்த லேப்டாப்

அவள் எவனோடும் போகவில்லை. முதலில் அதை எழுது, மற்றதெல்லாம் பிறகு. தெருமுனையில் கார் நின்றதாம், அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள் உட்கார்ந்திருந்தானாம், மாடிவீட்டுக்காரி கண்ணால் கண்டாளாம். கார் நின்றது நிஜம். எதிர்வீட்டை வாடகைக்குக் காட்ட வந்த புரோக்கரின் கார் அது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது அந்தப் புரோக்கர்தான். தொந்தியும் வழுக்கையுமாக என் வயசுக்குப் பக்கத்தில் இருப்பவர். என் மருமகள் அந்தக் காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனாள். வாசலில் நின்று பார்த்தவள் நான். கண்புரை எடுத்து ஆறு மாதம் ஆகிறது. இப்போது எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும்.

புருஷனுக்கே தெரியாமல் பூட்டுப் போட்டவள் எதையோ மறைத்திருக்கிறாள் என்கிறார்கள். ஆமாம், மறைத்தாள். மறைப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். நோயாளி சொன்னதை டாக்டர் வெளியே சொல்லாவிட்டால் நல்ல டாக்டர். கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லாவிட்டால் நல்ல வக்கீல். இவள் சொல்லாவிட்டால் மட்டும் கள்ளியா? எந்த ஊர் நியாயம் இது?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். நான் சொன்னதை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

அவளை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே நான். என் கொழுந்தனாரோடு வீட்டைப் பாகம் பிரித்தபோது கையெழுத்துக்காக வக்கீல் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். வக்கீல் மை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அம்மா, இங்க ஒரு கைநாட்டு, அங்க ஒரு கைநாட்டு, அவ்வளவுதான், கிளம்பலாம்" என்றார். ஓரத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள்.

"சார், அவங்களுக்கு இன்னும் படிச்சுக் காட்டல."

"எல்லாம் பேசி முடிச்சதுதாம்மா."

"பேசினது வேற, அடிச்சது வேற. அடிச்சது நான்."

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏழு பக்கத்தையும் படித்தாள். நாலாவது பக்கத்தில் நிறுத்தி, "பின்பக்க வழி உங்களுக்குக் கிடையாதுன்னு போட்டிருக்கு. சம்மதமா?" என்று கேட்டாள். அதை எனக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு நான் கைநாட்டு வைக்கவில்லை. அடுத்த வாரம் வழியோடு சேர்த்துத் திருத்தி எழுதின பிறகுதான் வைத்தேன். வீட்டுக்கு வந்து என் பையனிடம், கட்டினால் அந்தப் பெண்ணைக் கட்டு என்றேன். அவனுக்கும் பிடித்தது. அப்போது பிடித்தது.

அவளுடைய அப்பா பஸ் ஓட்டினவர். அம்மா இல்லை. பள்ளிக்கூடம் முடித்ததும் அந்த வக்கீலிடம் ஃபைல் தைக்கப் போனவள், டைப் கற்றுக்கொண்டு, ஐந்து வருஷத்தில் அந்த ஆபீஸே அவள் விரலில் ஓடும்படி ஆக்கினாள். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டார். மேசை நாற்காலியெல்லாம் யார் யாரோ தூக்கிப் போக, அவள் வேலை பார்த்த பழைய லேப்டாப்பை மட்டும் அவளிடமே கொடுத்தார். மூடியில் ஒரு கீறல், ஒரு மூலை உடைந்து பிளாஸ்திரி ஒட்டினது. அதுதான் அவள் கொண்டுவந்த சீதனம் என்று நான் கேலி செய்வேன். "சீதனத்தை யாராவது மடியில வெச்சு வேலை வாங்குவாங்களா அத்தை?" என்பாள்.

குழந்தை இல்லை. இந்தக் கதையில் அதற்கு வேலையும் இல்லை. ஊர்தான் அதையும் இழுத்துப் போட்டுப் பேசியது.

பிறகு ஒரு சட்ட உதவி அலுவலகத்தில் வீட்டிலிருந்தே செய்கிற வேலை கிடைத்தது. தையல் கம்பெனிகளில், குடோன்களில் வேலை பார்க்கிற பெண்கள், மேலதிகாரி கைவைத்தான், கூப்பிட்டான், மிரட்டினான் என்று அங்கே வந்து சொல்வார்கள். பாதிப் பேருக்கு என்னைப் போல எழுதத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அதை எழுத வராது. அதனால் வாயால் சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு செய்வார்கள். இவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு அப்படியே டைப் அடிப்பாள். காலடியில் தையல் மிஷினுக்கு இருப்பதுபோல ஒரு மிதி. மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். அழுதால் "அழுகிறார்" என்று அடிப்பாளாம். பேசாமல் இருந்தால் எத்தனை நொடி பேசாமல் இருந்தார் என்றுகூட அடிப்பாளாம். அடிக்கிறபோது அவள் உதடு அசையும். வக்கீல் ஆபீஸ் பழக்கம் அது. விரல் எதை அடிக்கிறதோ அதை வாய் முணுமுணுக்கும். சத்தம் வராது, பக்கத்தில் இருந்தால்தான் லேசாகக் கேட்கும்.

அடித்து முடித்ததும் அந்தக் குரலை அழித்துவிட வேண்டும். அலுவலகத்திலும் வைத்திருக்க மாட்டார்கள். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் இல்லையா, அதனால். வாரம் ஒரு நாள் லேப்டாப்போடு நேரில் போய், அடித்ததை அங்கே ஏற்றிவிட்டு வருவாள். இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

ஒரு நாள் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள், லேப்டாப் தொலைந்து போனாலும் திருடு போனாலும் எடுத்தவன் கையில் ஒன்றும் கிடைக்கக் கூடாது, உள்ளே எல்லாம் பதிந்திருக்கிற டிஸ்க் தட்டு முழுவதையும் பூட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இனி ஒலிப்பதிவு கொடுக்க மாட்டோம் என்று. இவள் லேப்டாப்போ கிழம். அதில் இருந்த சிஸ்டத்துக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று தினமும் திரையில் ஒரு சீட்டு வந்து நிற்குமாம். அதனால் இலவசமாகக் கிடைக்கிற வேறு சிஸ்டம் ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

"ஓசியா குடுக்கறது யாரு?" என்று கேட்டேன்.

"ஊர் உலகத்துல இருக்கற ஆளுங்க சேர்ந்து செஞ்சது அத்தை. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணும்னாலும் பார்க்கலாம். ஒளிவுமறைவே கிடையாது."

"யாரு வேணும்னாலும் பார்க்கலாம்னா அப்புறம் எதுக்குடி பூட்டு?"

அவள் சிரித்துவிட்டாள். "பூட்டை எப்படிச் செஞ்சாங்கன்னு எல்லாரும் பார்க்கலாம். பார்த்து, ஓட்டை இல்லைன்னு சொல்லலாம். சாவி மட்டும் நம்மகிட்ட."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்தாள். நான் எதிரில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் பையன் சோபாவில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். ஆரம்பிக்கும் முன்னால் அவனிடம் கேட்டாள், "என்னங்க, இதுல இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும். கல்யாண போட்டோவெல்லாம் உங்க போனுக்கு அனுப்பிட்டேன். வேற ஏதாவது வேணுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணும் வேண்டாம். ஓசி சாமான் எத்தனை நாளைக்கு ஓடுதுன்னு பார்ப்போம்."

என்னிடமும் கேட்டாள். எனக்கு அதில் என்ன இருக்கப்போகிறது? ஆனாலும் கேட்டாள்.

பென்டிரைவில் அந்தச் சிஸ்டத்தை இறக்கி வைத்திருந்தாள். அதைச் செருகி, லேப்டாப்பை அணைத்துப் போட்டு, போட்ட கையோடு ஒரு பட்டனைப் பட்பட்டென்று தட்ட வேண்டுமாம். ஒரு நொடி பிந்தினாலும் பழைய சிஸ்டமே முழித்துக்கொள்ளுமாம். நாலு தடவை அதுவே முழித்துக்கொண்டது. "எழுப்பாதடி, தூங்கட்டும்" என்றேன். ஐந்தாவது தடவை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடியது. பிறகு என்னென்னவோ கேட்டது, இவள் பதில் சொல்லிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னடி?"

"தட்டு முழுக்கத் துடைச்சுப் பூட்டட்டுமான்னு கேக்குது. சாவிச்சொல்லை மறந்தா யாராலயும் திறக்க முடியாதாம். செஞ்சவங்களாலயும் முடியாதாம்."

"மறக்காத சொல்லா வை."

அவள் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அடித்தாள். மறுபடி அடிக்கச் சொன்னது, மறுபடி அடித்தாள். இரண்டு தடவையும் உதடு அசைந்தது. ஐந்து சொற்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து சொற்கள்.

நான் காதால் பிழைத்தவள். பஸ் நம்பர், டாக்டர் சொன்ன மாத்திரைக் கணக்கு, உறவுக்காரர்களின் போன் நம்பர், எல்லாம் எனக்குக் காதில்தான் இருக்கும். எழுதி வைக்கிறவர்களுக்கு மறக்கிற வசதி இருக்கிறது, எனக்கு இல்லை. அந்த ஐந்து சொல்லும் அன்றைக்கே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன.

அதற்குப் பிறகு தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் அது முதலில் சாவிச்சொல்லைக் கேட்கும். என் பையன் பக்கத்தில் இருந்தால் காத்திருப்பாள். நான் இருந்தால் காத்திருக்க மாட்டாள். அதில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே, அவள் உதட்டோடு சேர்ந்து நானும் ஐந்து சொல்லையும் சொன்னேன், விளையாட்டாகத்தான். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை, உங்களுக்கு எப்படி?"

"தினம் சொல்றியேடி."

"நான் சொல்றேனா?" வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நீங்க படிக்க மாட்டீங்கன்னு நெனச்சு..."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னை நம்பி அல்ல, என் கைநாட்டை நம்பி உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவள் அந்தச் சாவிச்சொல்லை மாற்றவில்லை. மாற்றலாம்தானே, அரை நிமிட வேலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் சொல்லிடாதீங்க. அவருக்குக்கூட. அது என்னுது இல்ல, அந்தப் பொண்ணுங்களோடது" என்றாள். சரி என்றேன். இப்போதும் சொல்ல மாட்டேன். அந்தப் பூட்டே இப்போது இல்லை, ஆனாலும் சொல்ல மாட்டேன். பேத்தி கேட்டாள், அவளுக்கும் இல்லை.

வம்பு எங்கே ஆரம்பித்தது என்றால், துணி கிளிப் கேட்டு மாடிவீட்டுக்காரி வந்த அன்று. இவள் ஹெட்போனோடு எழுந்தாள், ஒயர் பிடுங்கிக்கொண்டது. அறை முழுக்க ஓர் ஆம்பிளைக் குரல். "பயப்படாதே, சொல்லு. நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது." இவள் பாய்ந்து மூடியைச் சாத்தினாள். அந்தக் குரல் அலுவலகத்தில் வாக்குமூலம் கேட்கிற வயசான வக்கீலுடையது. அவர் எதிரில் ஒரு பெண் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதை இவள் சொல்ல முடியுமா? சொன்னால் அந்தப் பெண் யார், எந்தக் கம்பெனி என்று அடுத்த கேள்வி வராதா?

"யாரு அது?" என்றாள் மாடிவீட்டுக்காரி.

"வேலை விஷயம்க்கா."

"நல்ல வேலைதான்." கிளிப்பை வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலத்துக்குள் அக்கம்பக்கத்து ஆறு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

நான் செய்த தப்பை இப்போது சொல்கிறேன். இரண்டு நாள் கழித்துத் துணி காயப்போடும்போது மாடிவீட்டுக்காரி, பூட்டு விஷயமும் எப்படியோ காதில் விழுந்து, மூன்று பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு பேசினாள். "புருஷனுக்கும் தெரியாத பூட்டாம், மாமியாருக்கும் தெரியாத பூட்டாம். அப்படி என்ன வைரமா வெச்சிருக்கா?" எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு சொன்னா எனக்குத் தெரியாதுன்னு? எனக்கு அந்தச் சாவிச்சொல் தெரியும். தினம் காதுல விழுது. என் மருமக என்கிட்ட எதையும் மறைக்கல, போய் உங்க வேலையைப் பாருங்க" என்று விரட்டினேன். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தேன்.

என் பையன் டைல்ஸ் கடையில் விற்பனை மேற்பார்வை. மாடிவீட்டுக்காரன் அதே கடையில் சரக்கு இறக்குகிற வண்டி ஓட்டுகிறான். ஒரு வாரத்தில் கடையில் இவனுக்கு "பாஸ்வேர்டு" என்று பேர் வைத்துவிட்டார்கள். "வாங்க பாஸ்வேர்டு, டீ சாப்டீங்களா பாஸ்வேர்டு" என்று. கல் ஒட்டுகிற மேஸ்திரி, வாடிக்கையாளர் எதிரிலேயே, "சாருக்கு வீட்டுக்குள்ள போக அனுமதி உண்டா, இல்ல அதுக்கும் பாஸ்வேர்டா?" என்று கேட்டானாம். எல்லாரும் சிரித்தார்களாம். அவனும் சேர்ந்து சிரித்தானாம். அதுதான் அவனை அரித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கேட்டான்.

"திற. நான் பார்க்கணும்."

"அது முடியாதுங்க. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"என் வீட்டுல, என் மேசையில இருக்கறதைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?"

"உங்களைப் பத்தி ஒரு வார்த்தை அதுல இருந்தா இப்பவே காட்டறேன். என்னைப் பத்தியும் இல்ல. அடுத்தவங்க அழுதது இருக்கு. அதை எப்படிக் காட்டுவேன்?"

"அம்மாவுக்கு மட்டும் தெரியலாம். இல்ல?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. நான்தான் வெளியே சொன்னேன் என்று அவளுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"அடிக்கும்போது முணுமுணுக்கறது என் கெட்ட பழக்கம்" என்று மட்டும் சொன்னாள். "அத்தை காதுல விழுந்திடுச்சு."

"என் காதுல மட்டும் விழாம பார்த்துக்கிட்டே. புருஷன்னா அடுத்தவன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பாடு மட்டும்தான் நடந்தது. அவன் என்னைத் தனியாகப் பிடித்து நாலைந்து தடவை கேட்டான். கெஞ்சினான், மிரட்டினான், ஒரு தடவை கண்கலங்கினான்கூட. "அவகிட்ட கேளு, என்கிட்ட கேக்காத" என்றே சொன்னேன். பிடிவாதம் என்கிறார்கள். வாக்குக் கொடுத்தால் பிடிவாதம்தான் பிடிக்க வேண்டும், வேறென்ன செய்வது?

அந்த மாதம் சட்ட உதவி அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் யாரும் நேரில் வர வேண்டாம் என்றிருந்தார்கள். இவள் அடித்துக்கொண்டே இருந்தாள். ஒன்று முடிந்ததும் போன் செய்து "முடிஞ்சது" என்பாள், அவர்கள் அந்தக் குரலை அழித்துவிடுவார்கள். அப்படி ஒன்பது பெண்களின் வாக்குமூலம் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அடுத்த புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தாள்.

திங்கட்கிழமை அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி தாங்க முடியவில்லை. பல்லைப் பிடுங்கப் போனாள். அவள் படியிறங்கின கால் மணி நேரத்தில் என் பையன் வந்தான். மேசைமேல் இருந்த லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டான்.

"எங்கடா கொண்டு போறே?"

"ரிப்பேர் கடைக்கு. அங்க எல்லாப் பூட்டையும் திறப்பாங்க."

"திறக்க முடியாதுடா. செஞ்சவங்களாலயே முடியாதாம்."

"நீ பெரிய இன்ஜினியர்."

போய்விட்டான். முக்கால் மணி நேரம் கழித்துக் கடையிலிருந்து போன் செய்தான். "அம்மா, கடைக்காரர் கைவிரிச்சுட்டார். சொல் தெரியலைன்னா துடைச்சுட்டுப் பழைய சிஸ்டத்தையே போட்டுத் தர்றேங்கறார். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நீ அந்தச் சொல்லைச் சொல்லு. ஒரு தடவை பார்த்துட்டு அப்படியே கொண்டுவந்து வெச்சுடறேன். அவளுக்குத் தெரியவே வேண்டாம்."

"துடைச்சா எல்லாம் போயிடும்டா. உனக்குத் தெரியாதா?"

"அது உன் கையில இருக்கு."

துடைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை எதிரில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அவள் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டுத் துடைத்தாள் என்பதையும் பார்த்தவள். ஐந்து சொல்லும் நாக்கு நுனியில் இருந்தன. சொன்னால் ஒன்பது பேர் மானம் ஒரு ரிப்பேர் கடை மேசையில் திறந்து கிடக்கும். சொல்லாவிட்டால் ஒன்பது பேர் பேச்சும் போகும். அப்போது நான் இப்படிப் பிரித்தெல்லாம் யோசிக்கவில்லை. மிரட்டுகிறான், செய்ய மாட்டான், என் வயிற்றில் பிறந்தவன்தானே என்று நினைத்தேன்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"சரி" என்றான். வைத்துவிட்டான்.

அவளுக்குச் சொல்லலாம் என்று அவள் படம் இருக்கிற பொத்தானை அழுத்தினேன். உள் அறையில் கட்டில்மேல் அவள் போன் அடித்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் என் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் போன் அடித்து ஓய்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே நின்றேன்.

அவன் முதலில் வந்தான். லேப்டாப்பை இருந்த இடத்திலேயே வைத்தான், பிளாஸ்திரி ஒட்டின மூலை சுவர்ப்பக்கம் இருக்கும்படி சரி பார்த்துக்கூட வைத்தான். பிறகு போய் டிவி போட்டுக்கொண்டான். அவள் வந்தாள். கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு. ஒரு மணி நேரம் பேசக் கூடாது என்று அனுப்பியிருந்தார்கள். எனக்குச் சைகையிலேயே "பிடுங்கியாச்சு" என்றாள். வலி தெரியாமல் இருக்கட்டும் என்று வேலையில் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்து பட்டனை அழுத்தினாள். விரலைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

லேப்டாப் ஒன்றும் கேட்கவில்லை. நேராகத் திறந்துவிட்டது. நீலமாக ஒரு மலை, மேலே மேகம்.

அவள் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனை நொடி என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை. அவளாக இருந்தால் எண்ணியிருப்பாள். பிறகு எழுந்து சோபாவுக்கு முன்னால் போய் நின்றாள். பேச முடியாது, பஞ்சு. அவன் அவளைத் தாண்டி டிவியைப் பார்த்தான்.

"வேற நல்லதா ஒண்ணு வாங்கித் தர்றேன். இது எப்படியும் கிழம்" என்றான்.

அவள் வாயிலிருந்து பஞ்சை எடுத்தாள். ரத்தம் வந்தது. "ஒன்பது பேரு" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் பஞ்சை மறுபடி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். திருடு போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அங்கே இருந்த பெரிய அதிகாரியம்மா திட்டக்கூட இல்லையாம். கையில் கொடுப்பதற்கு முன்னால் முடிந்தது என்று சொன்னது அவள் தப்பு, அதை நம்பிக் குரலை அழித்தது தங்கள் தப்பு, ஆனால் இனிமேல் அந்த வீட்டுக்கு எதையும் அனுப்ப முடியாது என்றாராம். ஒன்பது பேரையும் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு பேர் வந்தார்கள். மற்ற ஐந்து பேர், ஒரு தடவை சொன்னதே போதும், இன்னொரு தடவை வாய் வராது என்றுவிட்டார்கள். அந்த ஐந்து பேரும் சொன்ன ஆள் இன்னும் அதே கம்பெனியில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறானாம். இதையும் கார் பார்த்தவர்கள் சேர்த்துப் பேசட்டும்.

ஒரு நாள் மத்தியானம் நான் கேட்டே விட்டேன். "நான் அன்னிக்கு அவன்கிட்ட சொல்லியிருக்கணுமாடி?"

துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த புடவையைப் பிரித்து, மறுபடி மடித்தாள்.

"தெரியல அத்தை."

"சொல்லாதேன்னு நீதானே சொன்னே."

"ஆமா. நான்தான் சொன்னேன். நீங்க வெளிய சொல்லாம இருந்திருந்தா அவர் கேட்டிருக்கவே மாட்டார், அதுவும் உண்மை." புடவையை அடுக்கின் மேல் வைத்தாள். "உங்களைக் குத்தம் சொல்லல."

குற்றம் சொல்லியிருந்தால் தேவலை. சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

அந்த வாரமே பழைய பென்டிரைவைத் தேடி எடுத்து மறுபடியும் அந்தச் சிஸ்டத்தைப் போட்டாள். மேசையில் இல்லை, உள் அறையில், கட்டில்மேல். நான் காயை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். போ என்று சொல்லவில்லை. சொல்லை அடிக்கிற இடம் வந்தபோது என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு அடித்தாள். நான் பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூரத்து ஊரில் ஒரு கோர்ட்டில் சாட்சி சொல்வதை டைப் அடிக்க ஆள் எடுத்தார்கள். எழுதிப் போட்டாள், கூப்பிட்டார்கள். பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்தது. அவனிடம் சொன்னாள். "போறதுன்னா போ, யாரு தடுத்தா?" என்றான். கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் சொன்னது அது. அந்த நாலு நாளில் ஒரு தடவையாவது, நான் செய்தது தப்பு என்று சொல்வானா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். மசாலா டப்பாவை எங்கே வைத்திருக்கிறேன், கரண்ட் பில் எந்தத் தேதி என்றெல்லாம் அவனுக்குக் கேட்கிற மாதிரி என்னிடம் சொல்வாள். சொல்லிவிட்டு நிற்பாள். அவன் போனைப் பார்ப்பான். கடையில் அவனை இன்னும் பாஸ்வேர்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள். திறந்து பார்க்கக்கூட வக்கில்லாமல் உடைத்துப் போட்டான் என்று அதையும் சேர்த்துச் சிரிக்கிறார்கள்.

அன்றைக்குக் காலை பத்து மணி. மாடிவீட்டுக்காரி சரியாகப் படியைப் பெருக்குகிற நேரம். இவள் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தாள். அவன் குளிக்கப் போனான். போகிறவளைத் தாண்டித்தான் போனான். உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

"குளிச்சிட்டு வரட்டும் அத்தை. சொல்லிட்டுப் போறேன்."

நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கால் மணி ஆயிற்று. அவனுக்கு ஐந்து நிமிஷக் குளியல், முப்பத்தாறு வருஷமாக எனக்குத் தெரியும். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பஸ்ஸுக்கு நேரமாயிற்று. எழுந்து குளியலறைக் கதவுக்கு வெளியே போய், "நான் கிளம்பறேங்க" என்றாள். தண்ணீர் மட்டும் கேட்டது. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். பிறகு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நீங்களும் வர்றீங்களா?" என்றாள் என்னிடம். கேலியாகக் கேட்டாளா நிஜமாகவா என்று தெரியவில்லை.

"நான் எங்கடி வருவேன்? அவன் என் பிள்ளையாச்சே."

"ஆமா" என்றாள். என் கையை எடுத்து ஒரு தடவை தன் வீங்கி வடிந்த கன்னத்தில் வைத்துக்கொண்டாள். படியிறங்கினாள்.

மாடிவீட்டுக்காரி துடைப்பத்தை நிறுத்தி, "எங்கம்மா, பெட்டியும் கையுமா?" என்றாள்.

"வேலைக்குக்கா" என்றாள் இவள். நின்று, முகத்தைப் பார்த்து, தெளிவாகச் சொன்னாள். அந்தக் காதில் அது ஏறவில்லை, கார்தான் ஏறியது.

அவள் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் நின்றேன். பிறகு உள்ளே போய்க் குளியலறைக் கதவை இரண்டு கையாலும் தட்டினேன். "போயிட்டாடா. போயே போயிட்டா. குழாயை மூடு." உள்ளே குழாய் நின்றது. கதவைத் திறந்தான். வாளி நிறைந்து வழிந்து, தண்ணீர் என் காலுக்கு வந்தது. அவன் சட்டை பேண்ட்டோடு நின்றான். தலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.